மூன்று வீசைப் பூனை

"அந்தப் பூனை எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கிலோக் கணக்கெல்லாம் தெரியாதுங்கய்யா. மூணு வீச இருக்கும்" என்றாள் பஞ்சம்மாள். துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடியிருந்தாள்.

"தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம் தூக்கிட்டு நடக்கிறவ நீ. மூணு வீசைப் பூனைகிட்டயா தோத்துட்டே?"

மேனேஜர் நல்லசிவம் சிரித்தார். "பூனைதானேன்னு லேசா நெனச்சிராதீக சார். மூலையில மாட்டிக்கிட்டா அது புலி. ஆம்பளையே அது முன்னால நிக்க முடியாது."

"நான் இந்தம்மாவைக் கேட்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

திருத்தங்கல் ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறையில் அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். வேலைக்கு வந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது என்று யாரோ மதுரையில் இருக்கும் தொழிற்சாலை ஆய்வு ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவர், ஜீப்பை விட்டு இறங்கியதிலிருந்து பூனையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் காகிதம் விரித்திருந்தது. பேனாவின் மூடியை அவர் இன்னும் கழற்றவில்லை.

"சரி, பூனை பாய்ஞ்சுது. நீ என்ன பண்ணினே?"

"உதறுனேங்கய்யா. விடல."

"இன்னொரு கை சும்மாவா இருந்துச்சு? கழுத்தைப் பிடிச்சு வீசி எறிஞ்சிருக்கலாமே?"

"இழுத்துப் பாத்தேன். பல்லு பதிஞ்சிருச்சு."

"பூனை கடிச்சாப் பல் இறங்கும். சீழ் வைக்கும். விரல் துண்டாப் போகுமா? இதையெல்லாம் மேல இருக்கிறவங்க கேட்பாங்கம்மா. யோசிச்சுச் சொல்லு."

பஞ்சம்மாள் மேனேஜரைப் பார்த்தாள். போன வாரம் வீட்டுக்கு வந்து அவர் சொல்லிக்கொடுத்ததில் இந்தக் கேள்வி இல்லை. பூனை என்று சொன்னால் அவளுக்கும் தங்கை இருளம்மாளுக்கும் வேலை நிலைக்கும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"பூனை இங்கதானே இருக்கு? கொண்டாங்க, பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நல்லசிவம் தயங்கினார். பிறகு எழுந்து போய்க் குடோனிலிருந்து அதைத் தூக்கி வந்தார். காகிதக் குழாயில் தடவிய பசையைத் தின்ன வரும் எலிகளுக்காக வளர்த்த பூனை. விலா எலும்பு தெரிந்தது. ஒன்றரை வீசைகூடத் தேறாது.

அவர் கையிலிருந்து குதித்த பூனை நேராகப் பஞ்சம்மாளின் மடியில் ஏறியது. கட்டுப்போட்ட கையில் தலையைத் தேய்த்துக்கொண்டு சுருண்டு படுத்தது. தினமும் மத்தியானக் கஞ்சியில் அதற்கு ஒரு கை எடுத்து வைத்தவள் அவள்தான்.

வாயில்லாத ஜீவன்மேல் பழி போட்டுவிட்டோமே என்று பஞ்சம்மாள் இடது கையால் அதன் முதுகைத் தடவினாள்.

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

கதவு சாத்தியதும் அவர் குரல் தணிந்தது. "இப்பச் சொல்லும்மா. பயப்படாதே."

விரல் போன நாளிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவள் உடைந்துபோனாள்.

"பூனை இல்லங்கய்யா. தீவாளி ஆர்டர்னு அவசரப்படுத்துனாக. குழாய்க்குள்ள மருந்து இடிக்கிற மரக்குச்சி ஒடஞ்சிருச்சு. வேற குச்சி கேட்டேன். இரும்புக் கம்பியக் குடுத்து, இதாலயே இடின்னு சொல்லிட்டாக. ரெண்டாவது இடியிலயே பொறி தட்டி வெடிச்சிருச்சு."

"ம்."

"கைக்காக அழுகலங்கய்யா. போனது போச்சு. அதே எடத்துல, அதே கம்பிய வச்சுக்கிட்டு இன்னைக்கு எந் தங்கச்சி ஒக்காந்திருக்கா. பதினாறு வயசு. அவள மட்டும் எந்திரிக்கச் சொல்லிருங்க. எனக்கு இங்கன வேலயே வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"நீ போம்மா. நான் பார்த்துக்கிறேன்."

கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஒற்றைக் கையால் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல், பூனையை இறக்கிவிட்டு, தலையைத் தாழ்த்தி வணங்கி வெளியே வந்தாள். மேனேஜர் அவளை முறைத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இந்த முறை அவளுக்குப் பயம் வரவில்லை.

முற்றத்துக்கு அப்பால், மருந்து ஷெட்டின் வாசலில் இருளம்மாள் குனிந்து இடித்துக்கொண்டிருந்தாள். டொக், டொக் என்று சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான், இப்போது கூப்பிட்டுவிடுவார்கள் என்று பஞ்சம்மாள் நினைத்தாள். கைக்கட்டு தளர்ந்திருந்தது. ஜன்னலோரம் நின்று, பல்லால் இழுத்து முடிந்தாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. இன்ஸ்பெக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பூனை எடுபடாது நல்லசிவம். நாய்னு சொல்லிக்கொடுங்க."