கொழகொழப்பு வளர்க்கும் உத்தியோகம்

கண்ணாடித் தொட்டிக்குள் இருந்ததைப் பார்த்ததும், வேலை கேட்டு வந்திருந்த மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது.

சர்க்கரை ஆலையில் குழாய் குழாயாகச் சுரண்டிச் சாக்கடையில் கொட்டும் அதே கொழகொழப்பு. இங்கே அதற்குக் கண்ணாடி வீடு, குளிரூட்டிய அறை, காவலுக்கு நாலு வெள்ளைக் கோட்டு.

ஆய்வகத் தலைவிக்கு மேஸ்திரியின் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினாள். சர்க்கரைச் சாற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவிலிருந்து நொதியை மட்டும் பிரித்தெடுக்கிறார்களாம். சர்க்கரைக் கரைசலில் விட்டால் அது சர்க்கரையை உடைத்து, உடைந்த துண்டுகளை நீளச் சங்கிலியாகக் கோத்துவிடுமாம்; அந்தச் சங்கிலிதான் இந்தக் கொழகொழப்பாம். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து முதல் ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் திரவம் வரைக்கும் அந்தச் சங்கிலி பயன்படுகிறதாம்.

தலையாட்டினார். படித்தவர்களுக்குக் குப்பைக்கும் பெயர் வைக்கத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று மனசுக்குள் காறித் துப்பினார்.

ஆனால் வேலை வேண்டும். ஆலையை விட்டு எட்டு மாதமாகிறது. மச்சான் வீட்டில் சோறு போடுகிறார்கள். தட்டை வைக்கும் சத்தம்தான் நாளுக்கு நாள் கூடுகிறது.

"மேடம், என் ஷிஃப்ட்ல இது தலையே காட்டாது. மணிக்கு ஒரு தரம் வெந்நீர் அடிச்சுச் சுரண்டிடுவேன். கை சும்மாவே இருக்காது" என்றார்.

அவள் முகம் வாடியது.

இந்த நொதிக்கு அதிகச் சூடு ஆகாது. வேகமாகக் கலக்கினாலும் கெட்டுவிடும். முன்பு இருந்த மூன்று பேரும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தொட்டி தொட்டியாகப் பாழாக்கிவிட்டுப் போனார்களாம். வேறு மாதிரி ஆள் தேவை என்று இழுத்தாள்.

வளர்க்கிறவர்களிடம் வந்து, அழிப்பதில் சூரன் என்று பீற்றிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று அவள் ஆலைக்குப் போன் போட்டாள். ஆலை மேலாளருக்கு எப்போதும் பெரிய தொண்டை. மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"அந்த ஆளா? ஒரு வால்வைத் தொட மாட்டான்மா. எட்டு மணி நேரமும் பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் ஷிஃப்ட்லதான் குழாய் பூரா கொழகொழன்னு வளர்ந்து கிடக்கும். அதுக்குத்தானே வெளிய அனுப்பினோம்!"

அவள் போனை வைத்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்? திங்கட்கிழமை வந்துடுங்க."

காது வரைக்கும் கூசியது மேஸ்திரிக்கு. அந்தப் பெண்ணை ஒரு தடவையாவது இளக்காரமாகப் பார்த்துவிட நினைத்தார். முடியவில்லை. அவள் அவரை அவ்வளவு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.