சர்வே கல்லைக் காணோம்

"யாரைப் பாத்து புறம்போக்குன்னு சொன்னீங்க?"

பஞ்சர் அக்கா டயர் நெம்பும் கம்பியோடு எழுந்து வந்ததைப் பார்த்து, சர்வேயர் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைம்மா! இந்த இடத்தைச் சொன்னேன். அரசாங்க நிலத்துக்குப் பேரே அதுதான்!"

"அதை என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணுமா?"

தொழிற்பேட்டையை ஒட்டி முள் மண்டிக் கிடந்த அரசு நிலம் அது. யாருமே சீந்தாத அந்த நிலத்துக்குத் திடீரென்று யோகம் அடித்திருந்தது. அதைச் சீர்படுத்தி, தொழிலாளர் குடியிருப்பும் கடைகளும் கட்டுவதற்கென்றே புதிதாக ஓர் ஆணையம் அமைத்திருந்தார்கள். ஆணையம் அனுப்பிய முதல் ஆள் இந்த சர்வேயர்தான். பாவம், வரவேற்பே கம்பியோடு.

நிலத்தின் ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டுக் கடை நடத்துகிறவர் அக்கா. லாரி டிரைவர் முதல் கம்பெனி முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பஞ்சர் அக்காதான்.

சத்தம் கேட்டு, பக்கத்துப் பட்டறையிலிருந்து லேத்துக்காரர் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். அவருக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம்.

"சார், இந்த அம்மா சவுண்டுக்கெல்லாம் பயப்படாதீங்க. இது ஆக்கிரமிப்பு. நானும் எத்தனையோ தடவை புகார் கொடுத்துட்டேன். என் இடம் அப்படி இல்லை. பத்திரம் பதிஞ்ச சொந்த இடம். சட்டம்னா சட்டம் சார். முதல்ல இதைத் தூக்குங்க!"

"ஏன் லேத்தண்ணே, நான் ஒரு ஓரமா இருக்கிறதுல உங்களுக்கு எங்கே வலிக்குது?"

"உன் கடை மறைக்கிறதுல என் பட்டறை வாசலே தெரியலை. ஊர் நிலத்துல உக்காந்துக்கிட்டு பேச்சைப் பாரு!"

இந்தக் கடையை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஓங்கியிருந்த கம்பி தானாகத் தாழ்ந்தது.

"தூக்கத்தான் போறோம்," என்றார் சர்வேயர்.

லேத்துக்காரர் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

"தூக்கிட்டு, கட்டடம் எழும்பினதும் முன்வரிசையில ஒரு கடை கொடுப்போம். அரசு நிலத்துல தொழில் செஞ்சுக்கிட்டு இருக்கிறவங்க பிழைப்பு கெடக் கூடாதுங்கிறதுதான் ஆணையத்தோட முதல் விதி. கரன்ட், தண்ணி எல்லாம் உண்டு. வாடகையும் கம்மிதான்."

அக்கா கம்பியைத் தூரப் போட்டுவிட்டு, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன சார்? உக்காருங்க, உக்காருங்க!"

லேத்துக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப எனக்கு சார்?"

"உங்களுக்கென்ன, சொந்த இடம். ஜம்முனு அங்கேயே இருங்க. புதுக் கட்டடம் உங்க பட்டறையைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்."

"கொஞ்சமா? முழுசா மறைச்சிடுமே! அப்புறம் என்னை யார் தேடிக்கிட்டு வருவாங்க?"

சர்வேயர் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். லேத்துக்காரர் மண்டையைச் சொறிந்தார். பத்திரம், சட்டம் எல்லாம் அதற்குள் காற்றில் பறந்துவிட்டன.

"சார், ஒரு விஷயம்... நானும் கொஞ்சம் புறம்போக்குதான் சார்."

"என்னது?"

"பட்டறையை இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினப்போ எங்கப்பா கொஞ்சம் தாராளமா இழுத்துட்டாரு. லேத்து நிக்கிற பாதி அரசு நிலமாத்தான் இருக்கணும். அளந்துதான் பாருங்களேன்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை.

"அளக்க சர்வே கல் வேணுமே. வரைபடத்துல இந்தக் கடைக்குப் பின்னாடி ஒண்ணு காட்டுது. வந்ததும் தேடினேன், காணோம். கல் இல்லாம, உங்க வாய் வார்த்தையை நம்பி எப்படிக் கடை கொடுக்கிறது?"

லேத்துக்காரர் முட்டி போட்டு முள்ளுக்குள்ளெல்லாம் தேடினார். சட்டை கிழிந்ததுதான் மிச்சம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. இனிமே பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பழைய டயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். அடியில், மண்ணில் பாதி புதைந்து நின்றது சர்வே கல்.

சர்வேயர் அங்கிருந்து அளந்தார். லேத்துக்காரர் சொன்னது சரிதான். பட்டறையில் பாதி அரசு நிலம்.

"உங்களுக்கும் ஒரு கடை உண்டு," என்றார். லேத்துக்காரருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் சர்வேயர் அக்காவைப் பார்த்த பார்வையில் கடுப்பு இருந்தது.

"ஏம்மா, தெரிஞ்சேதான் கல்லை மறைச்சு வச்சிருந்தீங்களா? இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?"

லேத்துக்காரர் சும்மா இருப்பாரா?

"அதானே! எத்தனை வருஷமா அமுக்கி வச்சிருக்கு பாருங்க சார். எல்லாம் திருட்டுப் புத்தி!"

அக்கா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அண்ணன் குடுத்த புகார்ல ஒரு தடவை இடிக்க வந்தாங்க சார். கல்லைப் பாத்திருந்தா அவர் பட்டறையும் பாதி போயிருக்கும். என் தகரத்தை நான் மறுநாளே மாட்டிக்குவேன். அவ்வளவு பெரிய லேத்தை, பாவம், அண்ணன் எங்கே தூக்கிட்டுப் போவாரு?"