கேட்காத காது

கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிற்கிறாள், குரல் கொடுப்பவள். பாகம் பாகமாக வரும் வீடியோ கேமில் நாயகியான அக்காவுக்கு முதலிலிருந்தே இவள் குரல்தான். நான்காம் பாகத்துக்கு எழுத்தாளர்தான் மாறியிருக்கிறார். தம்பி இடது காதில் ரகசியம் சொன்னதும் அக்கா அலற வேண்டும் என்கிறது தாள். அவள் வாயே திறக்கவில்லை. "அலறுங்கம்மா!" என்கிறார் புது எழுத்தாளர், கண்ணாடிக்கு வெளியிலிருந்து. "அவளுக்கு அந்தக் காது கேக்காது சார். ரெண்டாம் பாகத்துல குண்டு வெடிச்சப்பவே போச்சு." அவர் பென்சிலைக் கடிக்கிறார், பிறகு அலறலை அடித்துவிடுகிறார். "தம்பிக்கு அது தெரியும்ல? தெரிஞ்சேதான் அந்தக் காதுல சொல்றான். நீங்க சும்மா நில்லுங்க." சிவப்பு விளக்கு எரிகிறது. ஏற்கெனவே பதிவான தம்பியின் குரல் ஹெட்போனில் வருகிறது: "அப்பாவக் காட்டிக் குடுத்தது நாந்தான்க்கா." அவள் மூச்சு மாறவில்லை. தாளில் இல்லாததை, மூன்று பாகமாக அவனிடம் கேட்டுவந்ததையே, இப்போதும் கேட்கிறாள்: "சாப்ட்டியாடா?"