ஐந்து நட்சத்திர சூப்

மாமனார் மறுபடியும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வாயோரம் வழிந்த சூப்பைத் துண்டால் துடைத்தபடி, இது வீம்புதான் என்று மருமகள் முடிவுகட்டினாள்.

ஆயுசில் பாதியை ஹோட்டல் அடுப்படியில் கழித்தவர். படுக்கையில் விழும்வரை வீட்டுக் கரண்டியையும் யாரிடமும் விட்டதில்லை. அவள் எட்டிப் பார்த்தால்கூட, "நீ போய் உட்காரும்மா, ஆனதும் கூப்பிடுறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும் பறித்துக்கொண்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டிலிருந்த அவளையும் அவள் கணவனையும் காய்ச்சல் போட்டுப் புரட்டியது. எழுந்தபோது அவளுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை.

"இப்பப் போய் சமைக்கக் கத்துக்கிறேன் பாருங்க. எதை வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு."

"உன் நாக்கு திரும்பி வர்ற வரைக்கும் என் நாக்கை வச்சுக்கோ" என்றான் கணவன். பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்ப்பது அவன் வேலை. அவன் உதட்டைப் பிதுக்கினால் ஒரு லாரிச் சரக்கு அப்படியே திரும்பிப் போகும்.

சமையல் குறிப்புகளுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. எதை நம்புவது என்பதுதான் தெரியவில்லை. 'உப்பு தேவையான அளவு' என்று எழுதியவர்களை அவள் எடுத்த எடுப்பிலேயே தள்ளினாள். தேவையான அளவு எதுவென்று தெரிந்தால் அவள் ஏன் தேடப்போகிறாள்?

கடைசியில் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் சொல்லும் ஒரு தளம் அகப்பட்டது. எத்தனை பேருக்கு என்று அழுத்தினால் அளவுகளை அதுவே மாற்றித் தந்தது. அவள் சின்னத் தராசு ஒன்று வாங்கி, சொன்னதைச் சொன்னபடி நிறுத்துப் போட்டாள்.

கணவன் "இன்னைக்கு என்ன?" என்று பேரைக் கேட்டுக்கொண்டுதான் கரண்டியை வாயில் வைப்பான். தொழில் பழக்கம் என்று அவள் நினைத்தாள். பிறகு கண்ணை மூடி, "பிரமாதம். மிளகு கரெக்டா ஏறியிருக்கு" என்பான். அவன் பாராட்டிய குறிப்புக்கெல்லாம் அவள் ஐந்து நட்சத்திரம் போட்டாள். தன்னைப் போலத் தவிக்கும் யாருக்காவது உதவட்டுமே.

மாமனார்தான் மசியவில்லை. இப்படியே சாப்பிடாமலிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மாமா, உங்க பிள்ளையே நல்லா இருக்குன்னுட்டார். அவர் நாக்குக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் என் சமையல்னா அவ்வளவு இளக்காரமா?"

அவர் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார். அவள் அவருடைய தாடையைப் பிடித்தாள். குழாய்க்கு இது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் உள்ளே போயிற்று. அவர் கண்ணோரம் நீர் இறங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், எங்கோ ஆழத்தில் ஜெயித்துவிட்ட திருப்தி.

சற்றைக்கெல்லாம், மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் வந்தாள். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நம்பாமல் திரும்பவும் பார்த்தாள். அவள் கண்ணெதிரே மாமனாரின் இடது கையும் மெத்தையில் துவண்டு விழுந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நர்ஸ் திரும்பினாள். "இவருக்கு உப்பே ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல? எவ்வளவு போடுறீங்க?"

"அதுல சொன்ன அளவுதான் சிஸ்டர். உப்பு குறைவான சமையல்னு போட்டிருக்கு. நான் ஒரு சிட்டிகைகூட ஏத்தல."

நர்ஸ் கிண்ணத்தின் அடியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அடுத்த கணம் ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"என்னம்மா, உப்பளத்தையே கரைச்சு வச்சிருக்கீங்க? இதையா மனுஷனுக்கு ஊட்டுனீங்க?"

அவள் அந்தத் தளத்தைத் திறந்து போனை நீட்டினாள். நர்ஸ் பத்துப் பேர் என்று அழுத்தினாள், மூன்று பேர் என்று அழுத்தினாள். காய் குறைந்தது, தண்ணீர் குறைந்தது. பத்துப் பேருக்கான உப்பு மட்டும் அசையாமல் நின்றது.

"இருக்காது சிஸ்டர். என் வீட்டுக்காரர் தினமும் ருசி பார்த்த பிறகுதான் மாமாவுக்கே குடுக்கிறேன். காலையில இந்த சூப்பைக்கூடப் பார்த்தார்."

வேலைக்குக் கிளம்பி வாசற்படியில் நின்றிருந்தான் கணவன். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"சொல்லுங்களேன். நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?"

அவன் படுக்கையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை மெல்லக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நர்ஸிடம் சொன்னான்.

"கம்பெனியில தெரிஞ்சா வேலை போயிடும் சிஸ்டர். எனக்கும் அந்தக் காய்ச்சல்லயே நாக்கு செத்துப்போச்சு."