மூடி திறந்துதான் தரப்படும்

கருப்பட்டி பீர் வருடத்துக்கு ஒரு நாள்தான் விற்பனைக்கு வரும். அன்று புதுச்சேரியில் ஷெலின் நடத்தும் சிறிய பீர் ஆலையின் முன்னால் தெரு முனைவரை வரிசை நிற்கும். போன வருடம் வாங்கியவர்களில் பலர் அதை வெளியே மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரு பாட்டில், அதையும் மூடி திறந்துதான் தருவேன் என்று ஷெலின் சொல்லிவிட்டாள்.

தன் முறை வந்ததும் அந்துவான் பாட்டிலின் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் தொறக்காதம்மா. தம்பிகிட்ட பேசி ஆறு வருஷமாச்சு. கிறிஸ்மஸுக்கு இதோட போய் அவன் வீட்டுக் கதவத் தட்டலாம்னு இருக்கேன். தொறந்துட்டா அதுவரைக்கும் தாங்காது."

ஷெலின் தயங்கினாள்.

"முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் தொறந்தீங்க. அவருக்கு மட்டும் என்ன?" என்றாள் பின்னால் நின்ற பெண்.

அவள் கேட்டதில் தவறில்லை. "மன்னிச்சுடுங்க சார்" என்று சொல்லி ஷெலின் மூடியை நெம்பினாள். அந்துவான் பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு வெளியேறினார்.

அடுத்தடுத்த பாட்டில்களைத் திறக்கும்போதும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. அவர் போகவில்லை. படியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு மறுகையால் போனை எடுத்தார்.

"டேய், நான்தான்... வெச்சிடாத. ஆலை வாசல்ல இருக்கேன். இப்பவே கெளம்பி வரியா?"

மறுமுனையில் என்ன பதில் வந்ததென்று ஷெலினுக்குக் கேட்கவில்லை. அந்துவான் படியில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டார்.