உடுப்புக் கயிற்றுக்கு மேலே

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு முற்றத்தில், ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைமேல் பழைய ரக்பி பந்தை நிறுத்துகிறார் ரெஜினோல்ட். காலேஜ் காலத்தில் அவர் உதைத்தால் கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலேதான். இப்போது முற்றத்துக் கம்பங்களுக்கிடையே உடுப்புக் கயிறு. அதில் நாளைய பூசைக்கான வெள்ளைச் சேலை சொட்டுகிறது.

“சேலையில பட்டுச்சு, சோறு கெடையாது,” என்கிறாள் மனைவி பிலோமினா, பிழிந்த பனியனோடு.

விரலை எச்சிலாக்கிக் காற்றுப் பார்க்கிறார். பின்னால் நகர்ந்து கோழிக்கூட்டில் இடிக்கிறார். உள்ளே பெரிய கலவரம்.

“லைன்ஸ்மேன் கொடி தூக்குனாத்தான் கோல், தெரியுமா?”

“கல்யாணம் கட்டுன நாள்லேருந்து கேட்டாச்சு. ஒதைங்க!”

உதைக்கிறார். சிரட்டை தெறிக்கிறது. பந்து சேலையைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, வெயிலில் சுழன்று ரப்பர் மரங்களுக்குள் மறைகிறது. கோழிகள்கூட அடங்கிவிடுகின்றன. பிலோமினாவின் கை, அவளைக் கேட்காமலே, ஈரப் பனியனை உயரத் தூக்கிப் பிடிக்கிறது.