சார்ஜா அடுப்பு

“தம்பி, கவனம்! சார்ஜாவிலருந்து வந்த சாமான். ஒரு கீறல் உழுந்தாலும் என்ட மகனுக்கு ஆரு பதில் செல்றது?”

ஸ்குறூட்ரைவரைக் கையில் எடுக்க முந்தியே இது மூன்றாவது தரம். ஸஹீதுக்கு மண்டை கொதித்தது. சாய்ந்தமருதில் பதினெட்டு வருசமாகக் கேஸ் அடுப்புத் திருத்துகிறவனுக்கா இந்தப் புத்திமதி?

வீட்டுக்காரி அஸீஸா விடுவதாயில்லை. அடுப்புப் பார்க்க வந்த அயல் பெண்கள் குசினியை நிறைத்து நின்றார்கள்.

“நாலு பர்னர், கீழ ஓவன். பொட்டி உடைக்காத புதுசு. என்ட முஹ்ஸின் கார்கோவில போட்டுட்டான்!”

பற்ற வைத்த அன்றைக்கே நெருப்பு மஞ்சளாய் மேலெழும்பிச் சட்டியெல்லாம் கரியாக்கிவிட்டது. அதற்குத்தான் ஸஹீதைக் கூப்பிட்டது.

“அடுப்பில பழுதில்ல ராத்தா. அங்க குழாயால வாற கேஸ் வேற, நம்மட சிலிண்டர் கேஸ் வேற. கேஸ் பீச்சுற அந்த ஜெட்டுட ஓட்டை இதுக்குப் பெரிசு. சின்ன ஓட்டை ஜெட் போட்டாச் சரி.”

“வெளிநாட்டு ஜெட்டக் கழட்டிட்டு உள்ளூர்ச் சாமானா? கழட்டினத எனக்கிட்டத் தந்திரணும், என்ன!”

கள்ளனென்றே சொல்லிவிட்டாள்! ஸஹீத் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பின் மேல்தட்டைத் தூக்கினான்.

உள்ளே கருகி ஒட்டிய சோற்றுப் பருக்கை. வருசக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ பாவித்துக் கழித்த அடுப்பு!

ஆகா, வசமாக மாட்டினா! தட்டை இன்னும் ஒரு சாண் தூக்கினால் போதும், அவ்வளவு பீத்தலும் பறந்துவிடும்.

“என்ன ஸஹீத், பாவிச்ச சாமானோ?” அடுத்த வீட்டு ஜெனூபா கழுத்தை நீட்டினாள்.

அஸீஸாவின் வாய் சட்டென்று நின்றது. அந்த முகத்தைப் பார்த்த ஸஹீதுக்கு ஏனோ கோபம் இறங்கிவிட்டது. தட்டைத் தாழ்த்திப் பிடித்தான்.

“ஆரு சென்ன? ஆரும் பாவிக்காத சாமான். இப்பிடியொண்டு நம்மட ஊருக்கே வரல்ல.”

ஜெட்டுகளை மாற்றி, சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்து, பற்ற வைத்தான். நெருப்பு நீலமாய் அடங்கி எரிந்தது.

“மாஷா அல்லாஹ்!” என்றாள் ஜெனூபா, வேறு வழியில்லாமல்.

அந்நேரம் பார்த்து முஹ்ஸின் வீடியோவில் வந்தான். “உம்மா, அடுப்பு நல்லமா?”

“புத்தம் புதுசு மகன்! மெக்கானிக்கே செல்றாரு!”

வெயிலில் கறுத்திருந்த முஹ்ஸினின் முகம் சந்தோசத்தில் மலர்ந்ததை ஸஹீதும் கண்டான்.

பெண்கள் போன பிறகு, அஸீஸா தேத்தண்ணியை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

“அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் செய்வான் தம்பி. வெளிப்பக்கத்த மூணு நாளா உரஞ்சி மினுக்கினன். அந்தத் தட்டத்தான் எனக்குக் கழட்டத் தெரியல்ல.”

ஸஹீத் திகைத்துப்போனான். “தெரிஞ்சுமா ராத்தா இவ்வளவு பெருமை?”

“ஓம். ஆரோ கழிச்சதத் தோளில சுமந்துபோய், உம்மாக்குப் புதுசெண்டு செல்லி அனுப்பிரிக்கான். என்ட புள்ளைட பொய்ய நான் மெய்யாக்காம உட்டா, வேற ஆரு தம்பி ஆக்குற?”